தெரியவில்லை என்பதையும் எழுதிக் கொடுங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கின் மருத்துவர்களுக்கு, அவர்களிலும் நம் தமிழ் மருத்துவர்களுக்கு,



பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையோரக் கிளினிக்குகளிலும், கிள்ளானில் எங்கள் தாமான் கடைவரிசையில் இரவு வரை திறந்திருக்கும் கிளினிக்குகளிலும், ஒரு வெள்ளி கட்டி எண் வாங்கிக் காத்திருக்கும் அரசாங்கச் சுகாதார நிலையங்களிலும், பெரிய ஆஸ்பத்திரிகளின் குழந்தைகள் வார்டுகளிலும் உங்களைப் பார்க்கிறோம். நாங்கள் என்றால், என்ன நோய் என்றே தெரியாத பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தூக்கிக்கொண்டு உங்களிடம் வரும் பெற்றோர்.

இது உங்களில் எவர்மீதும் கொடுக்கும் புகார் அல்ல. என் மகள் இன்று உயிரோடு இருப்பதற்கு உங்கள் கைகள்தான் காரணம். அதை மறந்துவிட்டு எழுதவில்லை. ஆனால் நேரில் சொல்ல முடியாத விஷயங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. கிளினிக்கில் எங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். வெளியே நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தாய்மாரைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறோம். அந்த நேரத்தில் மனக்குறையைப் பேசினால் பிள்ளையைப் பற்றிப் பேச நேரம் இருக்காது. அதனால்தான் இந்த மடல்.

என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். நல்ல நாளில் அவளைப் பார்ப்பவர்கள் நோயாளி என்றே நம்ப மாட்டார்கள். ஓடுவாள், தம்பி முறைக்காரப் பையன்களோடு சண்டை போடுவாள், கோயில் திருவிழாவில் கோலாட்டம் ஆடுவாள். பிறகு ஒரு சாதாரணக் காய்ச்சல் வரும். இல்லையென்றால் வயிற்றுப்போக்கு. சில சமயம் ஒருவேளைச் சாப்பாடு தவறினாலே போதும். வாந்தி ஆரம்பிக்கும். பேச்சு குழறும். நிற்க வைத்தால் கால் மடியும். கூப்பிடக் கூப்பிடக் கண் திறக்காமல் தூங்குவாள். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றிச் சில நாள் கழித்து எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்பாள். மூன்று வயதிலிருந்து இப்படித்தான்.

ஸ்கேன் எடுத்தீர்கள். மூளை அலைகளைப் பதிவு செய்தீர்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தீர்கள். மரபணுப் பரிசோதனைக்கும் ரத்தம் அனுப்பினீர்கள். ஒவ்வொரு முறையும் 'எல்லாம் நார்மல்' என்று சொல்லும்போது உங்கள் முகம் மலர்கிறது. எங்களுக்கு நல்ல செய்தி சொல்கிறோம் என்று நினைக்கிறீர்கள். முந்தின வாரம் கால் மடிந்து கிடந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பரிசோதனை நார்மல், பிள்ளை நார்மல் இல்லை. முதல் பாதியை எழுதுகிறீர்கள். இரண்டாவது பாதியை யாரும் எழுதுவதில்லை.

எங்களிடம் இருக்கும் டிஸ்சார்ஜ் தாள்களைப் பாருங்கள். காய்ச்சல், வாந்தி, நீரிழப்பு, குணமாகி வீடு திரும்பினார். தனித்தனியே ஒவ்வொரு தாளும் உண்மை. எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் படித்தால்தான் ஒரே ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வந்து இந்தப் பிள்ளையைத் தாக்குகிறது என்பது தெரியும். அப்படிப் படிக்கும் ஒருவர் எங்களுக்கு வாய்க்கவில்லை. வயிற்றைப் பார்ப்பவர் வயிற்றில் கோளாறு இல்லை என்கிறார், நரம்பைப் பார்ப்பவர் நரம்பில் இல்லை என்கிறார். இருவருமே தம் வேலையைச் சரியாகச் செய்தவர்கள். பிள்ளை மட்டும் இருவருக்கும் நடுவில் விழுந்துவிடுகிறாள்.

நீங்கள் காலியாக விடும் அந்த இடம் காலியாகவே இருப்பதில்லை என்பதை நீங்கள் அறிய வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அதை நிரப்ப ஆட்கள் வருகிறார்கள். குலதெய்வத்துக்கு விட்டுப்போன பூசை என்பார் ஒருவர். கண்ணேறு என்பார் இன்னொருவர். கோயிலுக்குப் போவதில் எனக்குக் குறையில்லை. பத்துமலையில் அவளுக்காகப் பால்குடம் எடுத்திருக்கிறேன், இன்னும் எடுப்பேன். என் பயம் வேறு. இரண்டே மாதத்தில் தெம்பு வந்துவிடும் என்று பொடியும் மாத்திரையும் கொண்டுவந்து விற்பவர்கள் எங்கள் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுகிறார்கள். பாரம்பரிய மருந்து என்று விற்கப்படும் பொருள்களில் ஸ்டெராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்து எச்சரிப்பது நம் நாட்டில் புதிதல்ல. 'டாக்டருக்கே தெரியல, இதைக் கொடுத்துப் பாருங்க' என்ற ஒரு வரியில் எத்தனை வீடுகளில் நகை அடகுக்குப் போயிருக்கிறது தெரியுமா? உங்களுக்குத் தெரியாது என்பதை நீங்கள் சொல்வதற்கும் அவர்கள் சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நீங்கள் சொன்னால் அதற்குப் பிறகு 'தேடுவோம்' என்று வரும். அவர்கள் சொன்னால் விலைதான் வரும்.

காலியிடத்தை நிரப்பும் இன்னொரு பதிலும் உண்டு. அது உங்கள் பக்கத்திலிருந்தே வருகிறது. அந்தப் பதில், தாய்.

'அக்கா, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க. நீங்க பயந்தா பிள்ளையும் பயப்படும்.' அன்பாகத்தான் சொன்னார்கள். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் அவள் என்னிடம் கேட்டாள்: 'அம்மா, நான் நடிக்கிறேனா?' ஒன்பது வயதுப் பிள்ளை தன் உடம்பையே சந்தேகப்படக் கற்றுக்கொண்ட நாள் அது. அதன்பிறகு இரண்டு முறை கால் மரத்துப்போனதை அவள் எங்களிடம் சொல்லவே இல்லை.

நம் தமிழ் மருத்துவர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 'சொந்தத்துலயா கல்யாணம்?' என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நம் வழக்கம் தெரிந்த உங்களுக்குத்தான் அதைக் கேட்கத் தெரியும். ஆமாம், நான் என் மாமன் மகனைத்தான் கட்டியிருக்கிறேன். அதைக் கேட்டு ஒரு தலையாட்டல். பிறகு அடுத்த கேள்வி. அந்தத் தலையாட்டலை நானும் என் கணவரும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பல ஆண்டு சுமந்தோம். மாமியார் வீட்டுக்கும் என் அம்மா வீட்டுக்கும் இடையே பேச்சே நின்றுபோனது. உறவில்லாத தம்பதிக்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை இருக்கலாம் என்றும், மாமன் அத்தை பிள்ளைகள் மணந்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்றும், அப்படியும் நூற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் நலமாகவே பிறக்கிறார்கள் என்றும் மிகப் பின்னால் ஒரு மரபியல் ஆலோசகர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் வகை நோயாக இருந்தால் அடுத்த பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்பதையும் அவர்தான் விளக்கினார். அதற்குள் இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று நாங்கள் முடிவெடுத்துவிட்டோம். கணக்கே தெரியாமல், பயத்தில் எடுத்த முடிவு அது. அந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்றால் பதிலையும் தமிழில் சொல்லி முடித்துவிட்டு எங்களை அனுப்புங்கள்.

இனி, அவளைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடும் ராத்திரிகளைப் பற்றி.

என்னிடம் பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எத்தனை மணிக்கு வாந்தி, கடைசியாக என்ன சாப்பிட்டாள், காய்ச்சல் எவ்வளவு, எப்போது கடைசியாக ஒழுங்காகப் பேசினாள், எப்போது கால் நிற்கவில்லை, எத்தனை மணி நேரத்தில் தெளிந்தாள் என்று தேதி போட்டு எழுதியிருக்கிறேன். அவசரப் பிரிவில் அதை நீட்டினால் பெரும்பாலும் மேசை ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள். 'அப்புறம் பார்க்கிறேன்' என்கிறார்கள். அங்கே நிற்கும் இளம் மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு ஆண்டுப் பயிற்சியில் நான்கு மாதத்துக்கு ஒரு துறை என்று அவர் மாறிக்கொண்டே இருப்பவர். போன முறை எங்களைப் பார்த்தவர் இந்த முறை அங்கே இல்லை. ஒவ்வொரு முறையும் பிறந்த நாளிலிருந்து கதையைத் தொடங்குகிறேன். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் இன்னும் ஆழமாகத் தூங்கிப்போகிறாள்.

ஒரு ராத்திரி நடந்ததை அப்படியே சொல்கிறேன். அமோனியா பார்க்க ரத்தம் எடுத்தார்கள். அது ஐஸில் வைத்து உடனே ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டிய ரத்தம் என்று முன்பு ஒரு நிபுணர் எங்களிடம் சொல்லியிருந்தார். குழாய் கவுண்டர் மேல் கிடந்தது. ஐஸ் இல்லை. கொண்டுபோகும் ஆள் வேறு வார்டுக்குப் போயிருந்தார். நான் இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லப் போனபோது தாதி, 'அம்மா, நீங்க போய் பிள்ளை பக்கத்துல உட்காருங்க' என்றார். விடியும்போது ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்தது: மாதிரி ஏற்கத்தக்கதல்ல, திரும்ப எடுக்கவும். அதற்குள் குளுக்கோஸ் ஏறிப் பிள்ளை கண் விழித்துவிட்டாள். பிழைத்துக்கொண்டாள், அதுவே பெரிது. ஆனால் அன்று அவள் உடம்புக்குள் என்ன நடந்தது என்று சொல்லியிருக்கக்கூடிய ரத்தம் போய்விட்டது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வளர்சிதை மாற்றக் கோளாறுகளில் பல, பிள்ளை நன்றாக இருக்கும் நாளில் எடுக்கும் ரத்தத்தில் பிடிபடாமல் போகலாம். தாக்குதல் நடக்கும்போது, டிரிப் ஏறுவதற்கு முன் எடுக்கும் சர்க்கரை, அமோனியா, லாக்டேட், கீட்டோன், காகிதத்தில் சொட்டிய உலர்ந்த ரத்தம், முதலில் போகும் சிறுநீர் ஆகியவைதான் பேசும். அவற்றை அலசிப் பார்க்கும் வசதி நம் ஊரில் இல்லாமல் இல்லை. மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதிலுமிருந்து வரும் மாதிரிகளைப் பார்க்கிறது. கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் மரபியல் நிபுணர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து இவையெல்லாம் கொம்யூட்டர் ரயில் போகும் தூரத்தில் இருக்கின்றன. சபாவிலும் கிளந்தானிலும் இருக்கும் பெற்றோரை நினைத்தால் எங்களுக்குக் கிடைத்திருப்பது எவ்வளவு என்று தெரிகிறது. அப்படியும் அந்தக் குழாய் கவுண்டரில் கிடந்தது.

நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் வழக்கமாகப் பார்ப்பது ஜி6பிடி குறைபாட்டையும் தைராய்டு குறைபாட்டையும்தான். மற்ற வளர்சிதை மாற்றக் கோளாறுகளை எல்லாக் குழந்தைகளுக்கும் பார்ப்பதில்லை. ஆகவே இப்படிப்பட்ட பிள்ளைகள் பலர் உங்களுக்கு முதலில் அறிமுகமாவதே இப்படி ஒரு ராத்திரியில்தான்.

ஒரே ஒரு முறை வேறு மாதிரி நடந்தது. பயிற்சியில் இருந்த ஒரு தமிழ்ப்பெண். என் நோட்டை வாங்கி, கட்டிலோரத்தில் நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு, 'அக்கா, எனக்கு இது என்னன்னு தெரியல. ஆனா இது சும்மா வாந்தி இல்ல. நான் எழுதி வைக்கிறேன், பெரிய டாக்டர்கிட்ட கேட்கிறேன்' என்றார். சொன்னபடியே கோப்பில் எழுதினார்: காரணம் தெரியவில்லை, மேலும் ஆராய வேண்டும். அந்த ஒரு வரியை வைத்துத்தான் எங்களுக்கு மரபியல் பிரிவுக்கு ரெஃபரல் கிடைத்தது. எங்களைப் பார்த்தவர்களிலேயே அனுபவம் குறைந்தவர் அவர். தெரியாததைச் சொல்ல அவர் தயங்கவில்லை. அன்று ராத்திரி என் கணவர் வார்டுக்கு வெளியே போய் உட்கார்ந்து அழுதார். நோய் தெரியவில்லை என்ற செய்திக்கு ஒரு தகப்பன் நிம்மதியில் அழுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள்.

தெரியவில்லை என்று எழுதினால் பெற்றோர் நம்பிக்கை இழப்பார்கள், புகார் கொடுப்பார்கள், வழக்குப் போடுவார்கள் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கலாம். எங்களைப் போன்றவர்கள் நம்பிக்கை இழப்பது, தெரியாததை 'ஒன்றுமில்லை' என்று சொல்லும்போதுதான்.

தெரியவில்லை என்று எழுதும் இடத்துக்கு உலகத்தில் உங்கள் துறையே வந்துவிட்டது. அரிய நோய்களுக்கு எண் கொடுத்துப் பட்டியலிடும் ஐரோப்பாவின் ஆர்ஃபாநெட், முழுமையாக ஆராய்ந்தும் பெயர் தெரியாத அரிய நோய்க்கென்றே ஒரு எண்ணை ஒதுக்கியிருக்கிறது: 616874. அதாவது, தெரியவில்லை என்பதையும் கோப்பில் முறையாக எழுதலாம், எண்ணலாம், பின்தொடரலாம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பெயர் தெரியாத வளர்ச்சிக் கோளாறுகளோடு இருந்த 13,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மரபணுக்களை ஒரு பெரிய ஆய்வில் படித்தார்கள். ஏறக்குறைய 5,500 பேருக்குக் காரணம் கிடைத்தது என்று 2023இல் அறிவித்தார்கள். அந்த ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொரு விவரம். முதலில் சேர்ந்த 1,133 குடும்பங்களில் நூற்றுக்கு 27 பேருக்குத்தான் விடை கிடைத்திருந்தது. சில ஆண்டு கழித்து, புதிதாக ரத்தம் எடுக்காமல், அதே பழைய தரவைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 40 ஆனது. அந்த இடைவெளியில் புதிய மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன, படிக்கும் முறையும் தேறியிருந்தது. பிள்ளைகள் மாறவில்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் மகளின் மரபணு அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். 'குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை.' கீழே தேதி. அந்தத் தேதிக்குப் பிறகு அதை யாரும் திறக்கவில்லை. எங்களுக்கு அது முடிவு என்று சொல்லப்பட்டது. அந்தத் தேதிவரை தெரிந்தது இவ்வளவுதான் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2007இல் பிறந்த பெர்ட்ரண்ட் மைட் என்ற பையனைப் பற்றி உங்களில் பலர் படித்திருப்பீர்கள். 2012இல் அவனுடைய மருத்துவர்கள் என்ஜிஎல்ஒய்1 என்ற மரபணுவில் கோளாறு என்றார்கள். அப்படி உலகில் கண்டறியப்பட்ட முதல் ஆள் அவன். ஒரே ஒருவனை வைத்து அது நோய்தான் என்று உறுதிசெய்ய முடியாது. அவன் அப்பா, அவர் மருத்துவர் அல்ல, கணினிப் பேராசிரியர், மகனின் அறிகுறிகளை எல்லாம் விரிவாக எழுதி வெளியிட்டார். அதைப் படித்து அதே கோளாறு உள்ள பிள்ளைகள் வேறு நாடுகளிலிருந்தும் தெரியவந்தார்கள். பெர்ட்ரண்ட் 2020இல் இறந்துவிட்டான். பெயர் கிடைத்தது அவனைக் காப்பாற்றவில்லை. ஆனால் அவனுக்குப் பின்னால் வந்த குடும்பங்கள் எங்களைப் போல இருட்டில் நிற்கவில்லை. எழுதி வைக்கப்பட்டதால் நடந்தது அது. பெயர் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் எண்ணவில்லை, டாக்டர். மருந்தே இல்லாத பெயராகவும் இருக்கலாம். என்னவென்று தெரிந்தால், எதைத் தவிர்ப்பது, எதற்குத் தயாராவது என்றாவது தெரியும்.

மலேசியாவில் 4,000 பேரில் ஒருவருக்கும் குறைவாக வருவதை அரிய நோய் என்று வகுத்திருக்கிறோம். 2004 முதல் மலேசிய அரிய நோய்கள் சங்கம் குடும்பங்களுக்குத் துணை நிற்கிறது. அரிய நோய் என்று ஒரு பெயர் கிடைத்தால் தட்ட ஒரு கதவாவது இருக்கிறது. பெயர் கிடைக்காதவர்கள் பள்ளியிலும் நலத்துறை அலுவலகத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் 'நோயின் பெயர்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவோடு நிற்கிறோம். அந்தக் கட்டத்தை நிரப்ப உங்கள் கையெழுத்தால் மட்டும்தான் முடியும்.

ஆகவே எங்கள் விண்ணப்பம் இது. உங்களிடம் தொடர்ந்து வரும், காரணம் தெரியாத ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கத் தாள் ஒன்று எழுதிக் கொடுங்கள். முதல் வரியில், இந்தப் பிள்ளைக்கு நோய் உண்டு, அதன் பெயர் இன்னும் தெரியவில்லை என்று எழுதுங்கள். இதுவரை எதைப் பார்த்தீர்கள், எதை இல்லையென்று ஒதுக்கினீர்கள், எதை இன்னும் சந்தேகிக்கிறீர்கள் என்பதை அடுத்து எழுதுங்கள். மயங்கிய நிலையில் கொண்டுவந்தால் என்னென்ன மாதிரிகளை எடுக்க வேண்டும், எதை ஐஸில் வைக்க வேண்டும், மாதிரிக்காகக் காத்திருந்து குளுக்கோஸைத் தாமதிக்கக் கூடாது, யாரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். மரபணு அறிக்கையை மறுபடி எப்போது திறந்து பார்ப்பது என்று ஒரு ஆண்டைக் குறிப்பிடுங்கள். இந்தப் பிள்ளையின் கோப்பை முழுவதும் படிக்கும் பொறுப்பை உங்களில் ஒருவர் எடுத்துக்கொண்டு, கையெழுத்திட்டு முத்திரை வையுங்கள். இதற்குப் புதுச் சட்டமோ புது இயந்திரமோ வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த பெற்றோரே கிள்ளானிலும் காப்பாரிலும் பூச்சோங்கிலும் செந்தூலிலும் இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு பை நிறையத் தாள்கள் உண்டு. இந்த ஒரு தாள் மட்டும் இல்லை.

இதில் அவசரமும் இருக்கிறது. வரும் ஆண்டில் என் மகளைக் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கே அவளைத் தெரிந்தவர் யாரும் இல்லை. பெரியவர்களோடு ஒரு வார்டில் படுத்திருக்கும் சின்னப் பெண்ணுக்கு ராத்திரி பேச்சு குழறினால், அது தூக்கக் கலக்கம் இல்லை என்று சொல்ல நான் பக்கத்தில் இருக்க அனுமதிப்பார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது. அந்தத் தாள் அங்கே எனக்குப் பதிலாகப் பேச வேண்டும்.

அதற்குள் எழுதிக் கொடுங்கள், டாக்டர். பழைய தாள்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, நோட்டுப் புத்தகத்தோடு நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கிள்ளான்